காகிதத் தங்கமும் பாறைத் தங்கமும்

சென்ற ஆண்டு தீபாவளி விடுமுறையில் என் மாமா ஒரு வண்ணக் கையேட்டைக் கொண்டுவந்து நீட்டினார். வெளிநாட்டில் தங்கம் தேடும் சிறு நிறுவனம் ஒன்றின் கையேடு அது. "மருமகனே, நீதான் கல்லு மண்ணுன்னு படிக்கிறியே, இதைப் பார்த்துச் சொல்லு. சேமநிதிப் பணத்துல முப்பதாயிரம் வெள்ளி போடலாம்னு இருக்கேன்" என்றார்.

ஆறாண்டு தமிழ்ப்பள்ளியிலும் பிறகு தேசிய இடைநிலைப்பள்ளியிலும் படித்தவன் நான். இன்று நிலவியல் மாணவன். படித்ததைத் தமிழில் விளக்க வேண்டிய தேர்வு அன்றுதான் வந்தது. மாமாவிடம் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

தேடுவது வேறு, கண்டெடுப்பது வேறு

முதலில் ஓரிடத்தில் தங்கம் இருக்கலாம் என்று ஊகிக்கிறார்கள். அது வெறும் இலக்கு. பிறகு துளையிட்டு, பாறை மாதிரி எடுத்து, ஆய்வுக்கூடத்தில் சோதித்து, கனிமவளத்தைக் கணக்கிடுகிறார்கள். அதை இலாபத்துடன் தோண்ட முடியும் என்று தெரிந்தால்தான் சுரங்கம். இலக்குகளில் மிகச் சிலவே அந்த நிலையை எட்டுகின்றன. ஆனால், தேடும் நிறுவனத்திற்குச் சுரங்க வருமானம் இல்லை. புதிய பங்குகளை விற்றுத்தான் அடுத்த துளையைப் போட வேண்டும். ஆகவே, நம்பிக்கையே அதன் சரக்கு.

பூசாங் தந்த பாடம்

நம் சரவாக் இருக்கும் அதே போர்னியோ தீவில், இந்தோனேசியாவின் கிழக்குக் கலிமந்தானில் உள்ளது பூசாங். கனடாவின் பிரீ-எக்ஸ் நிறுவனம் அங்கே பெருந்தங்கம் கண்டதாக அறிவித்தது. சில காசுகளுக்கு விற்ற பங்கின் விலை ஏறி, நிறுவனத்தின் சந்தை மதிப்பு 600 கோடி கனடிய டாலரைத் தாண்டியது. 1997 பிப்ரவரியில் அது சொன்ன அளவு சுமார் 7 கோடி அவுன்ஸ்.

அதே ஆண்டு மார்ச்சில், கூட்டுச் சேரவிருந்த ஃபிரீபோர்ட் நிறுவனம் பழைய துளைகளின் அருகிலேயே துளையிட்டது. சொல்லும்படியான தங்கம் இல்லை. மே மாதம் வெளிவந்த தனி ஆய்வு, மாதிரிகளில் வெளியிலிருந்து தங்கத்தூள் கலக்கப்பட்டிருந்ததை உறுதி செய்தது. அந்தத் துகள்கள் ஆற்றில் உருண்ட தங்கம்போல் விளிம்பு மழுங்கியிருந்தன.

இத்தனை நாள் எப்படித் தெரியாமல் போனது? எடுத்த பாறையை நெடுக்காக வெட்டி, ஒரு பாதியைச் சோதனைக்கு அனுப்பி, மறு பாதியைப் பாதுகாப்பதே வழக்கம். பூசாங்கில் பெரும்பாலும் முழுப் பாறையையும் நொறுக்கிவிட்டார்கள். மறுசோதனைக்குக் கல்லே மிஞ்சவில்லை. ஒண்டாரியோ ஆசிரியர்களின் ஓய்வூதிய நிதியும் அதில் பணம் இழந்தது.

2001-இல் கனடா புதிய விதியைக் கொண்டுவந்தது. தகுதி பெற்ற வல்லுநர் ஒருவர் பெயருடன் பொறுப்பேற்க வேண்டும். இலக்கின் அளவைச் சொன்னால், அது கருத்தளவிலானது, மேலும் தேடினாலும் கனிமவளம் உறுதிப்படும் என்பது நிச்சயமில்லை என்றும் சொல்ல வேண்டும்.

கையேட்டில் கேட்க வேண்டியவை

ஒன்று: பக்கத்தில் பெரிய சுரங்கம் இருக்கிறது என்கிறார்களா? பக்கத்து வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இருந்தால் நம் நிலத்திலும் ஊறும் என்று பொருளில்லை.

இரண்டு: சராசரிக்குள் என்ன இருக்கிறது? "60 மீட்டருக்கு, டன்னுக்கு 1 கிராம்" என்றிருந்தது. 2 மீட்டரில் மட்டும் 30 கிராம் இருந்து, மீதி 58 மீட்டர் வெறும் கல்லாக இருந்தாலும் இதே சராசரிதான் வரும்.

மூன்று: பொறுப்பேற்ற வல்லுநர் யார்? நிறுவனத்தைச் சாராத யாராவது சரிபார்த்தார்களா?

மாமாவின் கையேட்டில் வல்லுநர் பெயர் இல்லை. 'கருத்தளவிலானது' என்ற எச்சரிக்கை மட்டும் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது.

"அப்ப உள்ள ஒண்ணுமே இல்லையா?" என்றார் மாமா.

"இருக்கலாம், இல்லாமலும் போகலாம் மாமா. இன்னும் யாரும் பார்க்கலை. நீங்க வாங்கப்போறது தங்கம் இல்ல, தேடுற செலவு."

மாமா முப்பதாயிரம் போடவில்லை. ஐயாயிரம் போட்டார். "நம்ம ராசி எப்படியோ" என்று சிரித்தார். எனக்கு அது பாதி வெற்றிதான்.

தீர விசாரிப்பதே மெய் என்பார்கள் பெரியோர். விசாரிக்கத் தேவையான சொற்கள் நம் பாடநூல்களில் ஆங்கிலத்திலோ மலாயிலோ கிடக்கின்றன. பணம் போன பிறகு அவற்றை விளக்கிப் பயனில்லை. நண்பர்களே, அவரவர் துறையில் கற்றதை வீட்டில் தமிழில் முன்கூட்டியே சொல்லி வைப்போம்.