கணனியில் பழைய கணக்கிலிருந்து புதிய கணக்குக்கு மாறுதல்

கிராம நிலையங்களில் ஒரே கணனியைப் பல குடும்பங்கள் பாவிப்பதுண்டு. அதனால் விண்டோஸில் ஆளுக்கொரு கணக்குத் திறந்து கடவுச்சொல்லும் வைத்துக்கொள்கிறார்கள். அண்ணனின் கணக்கில் வேலை செய்துவந்த தங்கைக்குத் தனிக் கணக்குத் தேவைப்படலாம். அல்லது பழைய கணக்குப் பழுதாகித் திறக்க மறுக்கலாம். காணி உறுதியின் படம், அனுமதிப்பத்திரப் பிரதி, நட்டஈட்டு விண்ணப்பம் எல்லாம் அந்தப் பழைய கணக்கில்தான் கிடக்கும். மூலப் பத்திரத்தை இடம்பெயர்வில் தொலைத்த குடும்பத்துக்கு அந்தப் படத்தின் பெறுமதியை நாம் சொல்லத் தேவையில்லை.

சி டிரைவில் 'யூசர்ஸ்' என்ற கோப்புறைக்குள் ஒவ்வொரு கணக்குக்கும் தனிக் கோப்புறை உண்டு. அதில் இருப்பவை இரண்டு வகை. கடிதங்கள், படங்கள் முதலியவை நமது பொருட்கள். திரையின் தோற்றம், மவுஸின் வேகம், தமிழ் விசைப்பலகை போன்றவை அமைப்புகள். இவற்றில் பெரும்பகுதி 'என்டியூசர்.டாட்' என்ற மறைவான கோப்பில் பதிவாகிறது. அந்தக் கோப்பு அந்தக் கணக்கின் அடையாள எண்ணோடு பிணைந்தது. அதைக் கொண்டுபோய் மற்றக் கணக்கில் போட்டால் அதுவும் குழம்பும். ஆகவே பொருட்களைக் கொண்டு செல்லுங்கள்; அமைப்புகளைப் புதிதாகச் செய்துகொள்ளுங்கள். இரண்டையும் சேர்த்து மாற்றித்தர முன்பு 'ஈஸி ட்ரான்ஸ்பர்' என்றொரு வசதி இருந்தது. 2015இல் வந்த விண்டோஸ் 10இல் அதை எடுத்துவிட்டார்கள்.

முதலில் புதிய கணக்கினுள் ஒருமுறை நுழைந்து வெளியேறுங்கள். அப்போதுதான் அதன் கோப்புறை உருவாகும். பின்னர் நிர்வாகிக் கணக்கால் நுழைந்து பழைய கோப்புறையைத் திறவுங்கள். அனுமதி இல்லை, தொடரவா என்று கேட்டால் தொடருங்கள். டொக்கியுமென்ட்ஸ், பிக்சர்ஸ், டெஸ்க்டொப், டவுன்லோட்ஸ் ஆகிய நான்கிலும் உள்ளவற்றைக் கொப்பி செய்து, புதிய கணக்கில் அதே பெயருள்ள இடங்களில் போடுங்கள்.

வெட்டி ஒட்ட வேண்டாம். ஒரே டிரைவுக்குள் வெட்டி நகர்த்திய கோப்பு, பழைய கணக்கின் அனுமதியையே சுமந்துகொண்டு வரும். புதியவர் திறக்க முடியாமல் நிற்பார். கொப்பி செய்ததோ போய்ச்சேர்ந்த இடத்தின் அனுமதியைப் பெறும். சிலர் வசதிக்காக 'பப்ளிக்' கோப்புறையில் போட்டு எடுக்கிறார்கள். அது அந்தக் கணனியைப் பாவிக்கும் எல்லோருக்கும் திறந்த முற்றம். காணி உறுதியை அங்கே வைப்பது நல்லதல்ல.

புதிய கணக்கில் பாமினியில் தட்டிய கடிதத்தைத் திறந்தால் ஆங்கில எழுத்துகள் கண்டபடி தெரியலாம். பயப்பட வேண்டாம், கடிதம் கெடவில்லை. 2018க்குப் பிந்திய விண்டோஸில் எழுத்துருவைச் சாதாரணமாக நிறுவினால் அந்த ஒரு கணக்குக்கு மட்டுமே சேரும். எழுத்துருக் கோப்பின்மேல் மவுஸின் வலப் பொத்தானை அழுத்தி, எல்லாப் பாவனையாளருக்கும் நிறுவு என்பதைத் தெரிவுசெய்தால் சரியாகிவிடும். தமிழ் விசைப்பலகையை மொழி அமைப்பில் மீண்டும் சேர்க்க வேண்டும். குரோமில் குறித்துவைத்த பக்கங்களை ஒரு கோப்பாக வெளியே எடுத்துக்கொண்டு வரலாம். அதில் சேமித்த கடவுச்சொற்கள், கோப்புறையைக் கொப்பி செய்வதால் வந்துசேரா. அவை பழைய கணக்கின் பூட்டுக்குள் இருப்பவை. பழைய கணக்கு இன்னும் திறக்குமானால், முன்கூட்டியே ஒரு கொப்பியில் எழுதி வீட்டில் பத்திரப்படுத்துங்கள்.

பழைய கணக்கை அழிப்பது கடைசி வேலை. புதிய கணக்கில் நுழைந்து ஒவ்வொரு பத்திரத்தையும் திறந்து பாருங்கள். பென் டிரைவிலும் ஒரு பிரதி எடுங்கள். அதன் பிறகே 'கணக்கையும் தரவுகளையும் அழி' என்ற பொத்தானைத் தொடலாம். அதை அழுத்தியபின் போகும் கோப்புகள் குப்பைத்தொட்டியில்கூடக் கிடைக்காது.