வாக்கு ஒரு நாள், அயல் என்றென்றும்



தேர்தல் காலத்தில் நமக்கு இரண்டு நட்டங்கள் நேருகின்றன. ஒன்று, செல்லாமற் போகும் வாக்கு. மற்றது, பேச்சு நின்றுபோகும் அயல். முன்னையது அறியாமையால் வருவது. பின்னையது அடக்கமின்மையால் வருவது. இரண்டையும் தேர்தலுக்கு முன்னரே தடுக்கலாம்.

1931ஆம் ஆண்டில் டொனமூர் அரசியல் திட்டத்தின்கீழ் 21 வயதுக்கு மேற்பட்ட ஆண், பெண் இருபாலாருக்கும் இந்நாட்டில் வாக்குரிமை கிடைத்தது. 1959 முதல் 18 வயதினரும் அதற்கு உரியவராயினர். ஆனால் 2024 நவம்பர் 14இல் நடந்த பாராளுமன்றத் தேர்தலில் 6 இலட்சத்து 67 ஆயிரத்துக்கும் அதிகமான வாக்குகள் நிராகரிக்கப்பட்டன. வரிசையில் நின்று, விரலில் மை பூசி, வெறுங்கையோடு வீடு திரும்பியதற்கு ஒப்பானதன்றோ இது?

ஆகவே முறையை அறிந்துகொள்வோம். பாராளுமன்றத் தேர்தலில் முதலில் ஒரேயொரு கட்சிக்கு, அல்லது சுயேச்சைக் குழுவுக்கு, புள்ளடி இடவேண்டும். இரண்டுக்கு இட்டால் வாக்குச் செல்லாது. அதன்பின், விரும்பினால், அதே கட்சியின் அபேட்சகர்களில் மூவர் வரைக்கும் விருப்பு வாக்கு அளிக்கலாம். வாக்குச்சீட்டில் அபேட்சகரின் பெயர் இராது, இலக்கமே இருக்கும். எனவே இலக்கத்தை மனதில் பதித்துக்கொண்டு போங்கள். மூன்றுக்கு மேல் குறித்தால் விருப்பு வாக்குகள் வீணாகும். கட்சியை விட்டு இலக்கங்களை மாத்திரம் குறிப்பதும் பயன் தராது. சனாதிபதித் தேர்தலின் முறை வேறு. அங்கு 1, 2, 3 என விருப்பத்தின் வரிசையைக் குறிக்கலாம். 2024 செப்டெம்பரில் முதற்றடவையாக அந்த இரண்டாம் விருப்பங்களும் எண்ணப்பட்டன.

உங்கள் பெயர் இடாப்பில் உண்டா, அடையாள அட்டை கைவசம் உண்டா என்பதை இப்போதே பாருங்கள். அட்டை இல்லாதவர்கள் காலம் தாழ்த்தாது கிராம அலுவலரை நாடுங்கள். வீட்டிலுள்ள முதியோருக்கும் முதன்முறை வாக்களிக்கும் பிள்ளைகளுக்கும் முறையைச் சொல்லிக்கொடுங்கள். யாருக்குப் போடுவது என்பதைச் சொல்லிக்கொடுக்க வேண்டாம்.

அடுத்தது பண்பு. சட்டம் ஏன் வாக்கை இரகசியமாக்கியது? எவரும் பயமின்றித் தம் மனச்சாட்சிப்படி வாக்களிக்கவும், மறுநாள் எல்லோரும் ஒரே ஊரில் சமாதானமாக வாழவுமே. அப்படியிருக்க, "நீ யாருக்குப் போட்டாய்?" என்று துருவிக் கேட்பது, சட்டம் கட்டிய மறைப்பை நாமே பிரிப்பதாகும்.

"சுவாமி, நீங்கள் சொல்லுங்கோ, ஆருக்குப் போடுறது?" என்று குருவானவரிடம் கேட்பவர்கள் உண்டு. ஆன்மீகக் கேட்டைச் சொல்லி வாக்காளரை அச்சுறுத்துவதும் தேர்தற் சட்டப்படி ஊழற் குற்றமே. குருவானவர் பொதுநலத்தை நினைப்பூட்டலாம். உங்கள் புள்ளடியை அவர் இட முடியாது. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கமும் வாக்களிப்பைப் பொதுநலத்துக்கான உரிமையாகவும் கடமையாகவுமே எடுத்துரைத்தது.

வாக்களிக்குமுன் ஒவ்வொருவரும் தம்மைக் கேட்கவேண்டியவை:

1. என் வாக்கு என் வீட்டுக்கு மாத்திரமா, ஊர் முழுவதுக்குமா நன்மை தரும்?

2. காசுக்கோ, சாராயத்துக்கோ, பொருளுக்கோ என் வாக்கை ஈடு வைத்தேனா?

3. எதிர்க்கட்சிக்காரரைப் பற்றி உறுதியாகத் தெரியாத ஒன்றை நான் பரப்பினேனா?

4. பிள்ளைகள் முன்னிலையில் அயலவரை இழித்துப் பேசினேனா?

தேர்தல் முடிந்ததும் சுவரொட்டிகள் கிழிந்துவிடும்; ஒலிபெருக்கிகள் ஓய்ந்துவிடும். நள்ளிரவில் வீட்டில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால் ஓடிவரப்போவது அபேட்சகர் அல்லர். வேலிக்கு அப்பால் இருப்பவரே. அவர் வேறு கட்சிக்கு வாக்களித்தவராகவும் இருக்கலாம். கடந்த தேர்தலில் அவரோடு பேச்சு நின்றிருந்தால், இந்தத் தேர்தலுக்கு முன் நீங்களே முதலில் போய்ப் பேசுங்கள். வாக்களிப்புக்கு அதைவிட நல்ல ஆயத்தம் வேறில்லை.