ரீசெட் அழித்தால் போதும்

கடைகளுக்கும் சிறு அலுவலகங்களுக்கும் லினக்ஸ் சர்வரை ஒரே டிஸ்க் இமேஜாகத் தயாரித்து, பெட்டியில் ஏற்றி அனுப்புவது எங்கள் தொழில். வாங்குபவர்களிடம் பெரும்பாலும் சிஸ்டம் அட்மின் இருக்கமாட்டார். நெட்வொர்க் அமைப்பு கலைந்து, பாஸ்வேர்டும் மறந்துபோனால் நமக்குத்தான் போன் வரும். அதனால் ஃபேக்டரி ரீசெட் வசதி பெட்டிக்குள்ளேயே இருந்தாக வேண்டும்.

முழு இமேஜின் நகலைத் தனிப் பார்ட்டிஷனில் ஒளித்துவைத்து, தேவைப்படும்போது மேலே எழுதிவிடலாம் என்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் யோசனை. இடம் இரட்டிப்பாகும், எழுதும்போது கரண்ட் போனால் பெட்டி பூட் ஆகாது. இதை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. ரீசெட் சிஸ்டத்தைத் திரும்ப எழுதவே கூடாது, அழித்தால் போதும். அதற்கு, நாம் கொடுத்தது எது, வாடிக்கையாளர் சேர்த்தது எது என்பதை இமேஜ் கட்டும்போதே பிரித்துவிட வேண்டும்.

ரவுட்டர்களில் ஓடும் ஓப்பன்டபிள்யூஆர்டி இப்படித்தான் இயங்குகிறது. அடியில் மாற்ற முடியாத ஸ்குவாஷ்எஃப்எஸ், அதன்மேல் மாற்றங்களைத் தாங்கும் ஓவர்லே. அச்சிட்ட வரைபடத்தின்மேல் கண்ணாடித்தாள் விரித்துக் கோடு போடுவதுபோல; தாளை உருவினால் வரைபடம் அப்படியே இருக்கும். ஓவர்லேஎஃப்எஸ் 2014-இல், லினக்ஸ் கெர்னல் 3.18-இலேயே சேர்ந்துவிட்டது, சர்வரிலும் தாராளமாகப் பயன்படுத்தலாம். மேல் அடுக்கின் 'அப்பர்', 'வொர்க்' கோப்புறைகள் இரண்டும் ஒரே ஃபைல் சிஸ்டத்தில் இருக்க வேண்டும் என்பதை மட்டும் கவனியுங்கள்.

அழிக்கும் வேலையை, சிஸ்டம் முழுதாக எழுவதற்கு முன், இனிட்ராம்எஃப்எஸ் கட்டத்திலேயே முடித்துவிடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் கோப்புகளை ஒவ்வொன்றாக நீக்கினால் எது மிஞ்சியது என்று யாருக்கும் தெரியாது. மேல் அடுக்குப் பார்ட்டிஷனை ஃபார்மேட் செய்வதே சுத்தம். ஆனால் ஃபார்மேட் செய்ததும் ஃபைல் சிஸ்டத்தின் யூயூஐடி மாறிவிடும். அதைத் தேடி மவுண்ட் செய்யும்படி எழுதியிருந்தால் அடுத்த பூட் அங்கேயே நின்றுவிடும். பார்ட்டிஷனின் யூயூஐடி மாறாது, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கரண்ட் பாதியில் போகும் என்றே வைத்துக்கொண்டு எழுதுங்கள். க்ரப் மெனுவில் ரீசெட்டைத் தேர்ந்தெடுத்தது அந்த ஒரு பூட்டுக்குத்தான் செல்லும். எனவே முதல் வேலையாக, அழிக்கப்படாத பூட் பார்ட்டிஷனில் ஓர் அடையாளக் கோப்பை எழுத வேண்டும். எல்லாம் முடிந்தபின் கடைசி வேலையாக அதை நீக்க வேண்டும். நடுவில் அணைந்தாலும் அடுத்த பூட்டில் ரீசெட் முதலிலிருந்து ஓடும். சிஸ்டம்டி-ரீபார்ட்டில் பார்ட்டிஷன் வரையறையிலேயே ஃபேக்டரி ரீசெட் என்று குறிக்கும் வசதி உண்டு. புதிதாகத் தொடங்குபவர்கள் அதைப் பார்த்துவிட்டு ஸ்கிரிப்ட் எழுதப் போகலாம்.

இமேஜுக்குள் எந்தப் பெட்டியின் சொந்த அடையாளமும் இருக்கக் கூடாது. மெஷின்-ஐடி கோப்பைக் காலியாக விடுங்கள், எஸ்எஸ்எச் ஹோஸ்ட் கீகளை நீக்குங்கள். முதல் பூட்டில் புதிதாகப் பிறக்கட்டும். மெஷின்-ஐடி ஒன்றாக இருந்தால் சிஸ்டம்டி-நெட்வொர்க்டி டிஎச்சிபி சர்வரிடம் ஒரே ஆளாகத்தான் அறிமுகம் செய்துகொள்ளும்; இரண்டு பெட்டிகள் ஒரே ஐபிக்கு அடித்துக்கொள்ளும். ஹோஸ்ட் கீ ஒன்றானால் இன்னும் மோசம்: ஒரு பெட்டியை வாங்கியவர் மற்ற எல்லாப் பெட்டிகளாகவும் வேஷம் போடலாம்.

அப்டேட்டை மேல் அடுக்கில் ஏப்ட் கொண்டு நிறுவ விடாதீர்கள். மேலே உட்கார்ந்த பழைய கோப்பு, பிறகு வரும் புதிய இமேஜின் கோப்பை மறைத்துவிடும். அடி அடுக்கை இரண்டு பார்ட்டிஷன்களாக வைத்து மாற்றி மாற்றி எழுதுவதே சரி. அப்போது ரீசெட் செய்தால் ஆலையிலிருந்து வந்த நாளின் பதிப்பு கிடைக்காது, கடைசியாக ஏற்றிய பதிப்புதான் கிடைக்கும். அதுவே நல்லது என்பது என் கட்சி. ஓட்டைகள் தெரிந்த பழைய மென்பொருளை யாரிடம் திருப்பிக் கொடுப்பது?

அமைப்புகளை மட்டும் அழிப்பது, வாடிக்கையாளர் தரவையும் சேர்த்து அழிப்பது என்று இரண்டையும் மெனுவில் தனித்தனியே வையுங்கள். கணக்கு வழக்கை இழக்க யாரும் நெட்வொர்க் பிரச்சினைக்காக ரீசெட் செய்வதில்லை. பெட்டியை விற்பவருக்கு ஃபார்மேட் மட்டும் போதாது, பழைய தரவை மீட்க முடியும். தரவை முதலிலேயே லக்ஸ் கொண்டு என்கிரிப்ட் செய்திருந்தால் சாவிகளை அழித்தாலே வேலை முடிந்தது.

மிஞ்சுவது பாஸ்வேர்ட். எல்லாப் பெட்டிக்கும் ஒரே பாஸ்வேர்ட் வைத்தால் ரீசெட் ஆன சர்வர் திறந்த வீடு. பெட்டிக்கு ஒன்றாக ஸ்டிக்கரில் அச்சிடுகிறோம். அதன் ஹேஷை அடி அடுக்கில் வைக்க முடியாது, அது எல்லாருக்கும் பொது. மேல் அடுக்கிலும் முடியாது, அழிந்துபோகும். ஆகவே சீரியல் எண்ணுக்கும் அதற்குமாகச் சில எம்பி அளவில், ரீசெட் தொடாத தனிப் பார்ட்டிஷன் ஒன்றை இமேஜ் வரைபடத்தில் முதல் நாளே ஒதுக்கிவிடுங்கள். பெட்டிகள் ஊருக்குப் போனபின் டிஸ்க்கில் புதுப் பார்ட்டிஷன் வெட்டுவது லேசான காரியமில்லை.