முளைப்பாரியின் மஞ்சள் நிறம்

எங்கள் குழந்தைகள் இரத்தப் புற்றுநோய்ப் பிரிவில் ஆடி மாதம் நெருங்கும்போது ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது. "ஊரில் அம்மனுக்கு முளைப்பாரி போடுகிறார்கள், டாக்டர். பிள்ளை பெயரில் ஒன்று போடலாமா? பிள்ளையே கையால் விதை தூவலாமா?" முற்பாதிக்கு எங்களிடம் மறுப்பில்லை. பிற்பாதிக்கான விடை அன்றைய இரத்தப் பரிசோதனையைப் பொறுத்தது. ஆனால் பெற்றோர் கேட்காத மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு. அந்தப் பயிர் வளர்வதைப் பார்த்துக்கொண்டிருக்கும் குழந்தை மனத்துக்குள் என்ன நினைக்கிறது? அக்கேள்வியை எங்களுக்குக் கற்பித்தவள் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி.

முளைப்பாரியை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறோம். சட்டியில் வைக்கோலும் காய்ந்த எருத்தூளும் பரப்பி, ஊறவைத்த தட்டைப்பயறு, மொச்சை, பாசிப்பயறு, சோளம் முதலியவற்றைத் தூவி, வெளிச்சம் படாத அறையில் வைத்து நாள்தோறும் நீர் தெளிப்பர். பெண்கள் விரதமிருந்து, மாலையில் கூடிக் கும்மியடிப்பர். ஏழு முதல் பத்து நாளில் வளர்ந்து நிற்கும் பயிரைத் தலையில் சுமந்து ஊர்வலமாகச் சென்று குளத்திலோ ஆற்றிலோ கரைத்துவிடுவர். விதைப்புக்கு முன் விதையின் முளைப்புத்திறனைச் சோதிக்கும் வழியாகவும் இது இருந்ததென்று ஊர்ப் பெரியவர்கள் சொல்வதுண்டு. குழந்தைகளுக்கு நன்றியுணர்வைப் பழக்க இதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது என்பது எங்கள் கருத்து. காத்திருக்க வேண்டும், மறவாமல் நீர் தெளிக்க வேண்டும், ஆசையாக வளர்த்ததை முடிவில் நீருக்கே தந்துவிட வேண்டும். இதில் எவரும் "நன்றி சொல்" என்று குழந்தையை அதட்டுவதில்லை.

சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்த அச்சிறுமிக்குத் தீவிர லிம்போபிளாஸ்டிக் வகை இரத்தப் புற்றுநோய். சிகிச்சையின் முதற்கட்டத்தில் வெள்ளணுக்கள் மிகக் குறைந்திருந்தமையால் வார்டுக்குள் மண்ணோ செடியோ கொண்டுவர நாங்கள் அனுமதிக்கவில்லை. அவளுடைய அம்மாச்சி ஊரில் அவள் பெயரில் ஒரு சட்டி போட்டு, நாள்தோறும் மாலையில் கைப்பேசியில் காட்டிவந்தார். முதல் சில நாள்கள் அந்த அழைப்புக்காகவே அவள் விழித்திருந்தாள். ஆறாம் நாள் பேச மறுத்துச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மருந்தின் விளைவு என்று எண்ணி வாந்திக்கான மருந்தை மாற்றினோம். உண்மைக் காரணம் இரவுப்பணிச் செவிலியரிடம்தான் வெளிவந்தது. "எம் மொளப்பாரி மஞ்சளாப் போச்சு. நானும் செத்துப் போயிருவேனா, சிஸ்டர்?"

ஊரில் யாரோ நல்லெண்ணத்துடன் சொல்லியிருக்கிறார்கள்: "பயிரு செழிச்சு வந்தா பிள்ளைக்குச் சுகமாயிரும்." பெரியவர்களுக்கு அது ஒரு வேண்டுதல். ஆறு வயதுக் குழந்தைக்கோ அது தீர்ப்பு. ஏறத்தாழ ஏழு வயது வரை, அடுத்தடுத்து நிகழும் இரண்டில் ஒன்றே மற்றொன்றுக்குக் காரணம் என்று கருதுவது குழந்தைகளின் இயல்பான சிந்தனை. தம்பியை அடித்ததால் காய்ச்சல் வந்தது, சாமி கும்பிடாததால் ஊசி போடுகிறார்கள் என்றெல்லாம் நம்பும் குழந்தைகளை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். ஆகவே உங்கள் வேண்டுதல் உங்களிடமே இருக்கட்டும். எந்தச் சடங்கையும் குழந்தையின் உடல்நிலையோடு முடிச்சுப்போட்டு அதன் காதில் விழும்படி பேசவேண்டா.

மறுநாள் அம்மாச்சியை அழைத்தோம். பயிர் வாடவில்லை என்று சற்றுக் கோபத்துடனேயே சொன்னார். இருட்டில் வளரும் முளைப்பாரி மஞ்சளாக இல்லாமல் வேறெப்படி இருக்கும் என்று எங்களைத் திருப்பிக் கேட்டார். அவர் சொன்னது முற்றிலும் சரி. ஒளியில்லாத இடத்தில் பயிரில் பச்சையம் உருவாவதில்லை. ஒளியைத் தேடித் தண்டு மட்டும் வெளிறி நீளும். இதை நாங்கள் அச்சிறுமிக்கு முன்னரே சொல்லியிருக்க வேண்டும், எங்களுக்குத் தோன்றவில்லை. எங்கள் வேண்டுகோளின்படி அம்மாச்சி சிறு கிண்ணமொன்றில் கொஞ்சம் பயிரை எடுத்துத் திண்ணையில் வைத்தார். இரண்டு நாளில் இலைகள் பச்சையாயின. சிறுமி கைப்பேசியைக் கண்ணருகே வைத்து நெடுநேரம் பார்த்தாள். எங்களில் ஒருவர், "பார்த்தாயா, நீயும் இப்படித்தான் தேறிவிடுவாய்" என்று சொல்ல வாயெடுத்தார். மற்றவர் கையைப் பிடித்துத் தடுத்தார். அதுவும் அதே பிழைதான். அடுத்த வாரம் கிண்ணத்துப் பயிர் உண்மையிலேயே வாடினால் என்ன விடை சொல்வது? "அந்தப் பயிர் வேற, நீ வேற. அதுக்கு வெளிச்சம் வேணும். உனக்கு மருந்து வேணும்" என்று மட்டும் சொன்னோம்.

அன்று மாலை அவளுக்குத் தட்டணுக்கள் ஏற்ற நேர்ந்தது. தட்டணுப் பை வெளிர்மஞ்சள் நிறமுடையது. "இதுவும் மஞ்சளாத்தான் இருக்கு" என்று அவளே கண்டு சொன்னாள். யார் கொடுத்தது என்றும் கேட்டாள். பெயர் தெரியாது, ஆனால் தட்டணுக்களைப் பொதுவாக 5 நாளுக்கு மேல் சேமித்துவைக்க இயலாது என்பதால், இந்த வாரத்தில்தான் யாரோ ஒருவர் வந்து உட்கார்ந்து தந்திருக்கிறார் என்று விளக்கினோம். அவள் சிறிது யோசித்துவிட்டு, மறுநாள் அம்மாச்சியிடம் அந்த ஆளுக்காகவும் ஒரு கை தண்ணீர் தெளிக்கச் சொன்னாள். நாங்கள் கற்பித்ததன்று இது.

எல்லாக் குழந்தைகளும் இவ்வாறு இசைவதில்லை. பதினொரு வயதுச் சிறுவன் ஒருவன், "எதுக்கு நன்றி சொல்லணும்? எனக்கு என்ன கிடைச்சுது?" என்று தந்தையிடம் கத்தினான். தந்தை வெட்கப்பட்டு எங்களிடம் மன்னிப்புக் கேட்டார். மன்னிப்புக்கு அதில் ஒன்றுமில்லை. பள்ளியையும் முடியையும் நண்பர்களையும் இழந்த பிள்ளையின் சினம் நியாயமானது. அதன்மேல் நன்றியைப் பூசி மறைத்தால், அடுத்த முறை வலிக்கும்போதும் அவன் சொல்லமாட்டான். நன்றிக்குரியவற்றை எழுதிப் பழகுவது குறித்து அமெரிக்காவில் ஆறாம், ஏழாம் வகுப்பு மாணவர் 221 பேரிடம் நடத்திய ஆய்வு 2008இல் வெளிவந்தது. தொல்லைகளைப் பட்டியலிட்டவர்களைவிட நன்றிக்குரியவற்றைப் பட்டியலிட்டவர்களின் மனநிலை நன்றாக இருந்தது. ஆயினும் அவர்கள் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள். படுக்கையில் கிடக்கும் குழந்தையிடம் அந்தப் பட்டியலைக் கட்டாயமாக்க அது சான்றாகாது.

அச்சிறுவனுக்கு நன்றியைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு, சன்னலுக்கு வெளியே நிற்கும் புங்கமரத்தை நாளுக்கு ஐந்து நிமிடம் பார்க்கச் சொன்னோம். நேற்று இல்லாதது ஒன்றைக் கண்டு சொல்ல வேண்டும், அவ்வளவே. முதல் வாரம் "ஒண்ணுமில்ல" என்றான். பிறகு அணில் ஒன்று நார் சுமப்பதைக் கண்டான். பிறகு அது எங்கே கூடு கட்டுகிறது என்பது வார்டு முழுவதற்கும் வழக்காயிற்று. மனத்தை இந்தக் கணத்தில் நிறுத்தும் பயிற்சி என்று இன்று பலவாறு சொல்லப்படுவதன் அடிப்படை இவ்வளவுதான். ஊசி போடும் வேளையில் கவனத்தை வேறொன்றில் ஊன்றினால் குழந்தையின் வலியும் பதற்றமும் குறையும் என்பது நன்கு நிறுவப்பட்டது. அவனுக்கு ஊசி போடும்போதெல்லாம் செவிலியர் அணிலைப் பற்றிக் கேட்பார். சன்னல் வழியே மரங்களைக் கண்ட நோயாளிகள், செங்கல் சுவரைக் கண்டவர்களைவிடச் சற்று முன்னதாக வீடு திரும்பினர் என்றும், கடுமையான வலிநிவாரணிகளை அவர்களுக்குக் குறைவாகவே தர வேண்டியிருந்தது என்றும் ரோஜர் உல்ரிச் 1984இல் எழுதினார். அது பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேரை மட்டும் பார்த்த சிறிய ஆய்வு. மரம் நோயைத் தீர்க்கும் என்று அதற்குப் பொருளில்லை. சன்னல் திரையை விலக்கிவைக்க அது போதும்.

இனி எச்சரிக்கைகள். நியூட்ரோபில் எண்ணிக்கை 500க்குக் கீழ் இருக்கும் நாள்களில் குழந்தை மண்ணையும் எருவையும் தொடக் கூடாது. அவற்றில் ஆஸ்பெர்ஜில்லஸ் போன்ற பூஞ்சைகளின் வித்துகள் உண்டு. வெட்டிய பூக்களைக் குவளை நீரில் வைத்து அருகே கொண்டுவரவும் வேண்டா; தேங்கிய நீரில் சூடோமோனாஸ் என்னும் கிருமி பெருகும். காக்கைக்குச் சோறு வைப்பது நல்ல பழக்கம்; இந்நாள்களில் குழந்தை உருண்டை பிடித்துத் தரட்டும், பறவை எச்சம் கிடக்கும் மாடிக்குப் பெரியவர்கள் போகட்டும். எண்ணிக்கை தேறி வீட்டிலிருக்கும் நாள்களில் பச்சரிசி மாவுக்கோலம் மிகப் பொருத்தமானது. எறும்புகள் வரிசையாக வந்து மாவைச் சுமப்பதை எங்கள் பிள்ளைகள் பொறுமையுடன் பார்க்கிறார்கள். தங்கள் கையால் ஓர் உயிருக்கு உணவிட்டோம் என்னும் நிறைவு, எப்போதும் பிறர் கையையே எதிர்பார்த்துக் கிடக்கும் குழந்தைக்கு எவ்வளவு பெரிதென்று பெற்றோருக்கே சில வேளைகளில் தெரிவதில்லை. ஆடிப்பெருக்கன்று மார்பில் மருந்துக்குழாய் வெளியே தெரியும்படி உள்ள குழந்தையை ஆற்றில் இறக்கக் கூடாது. பொங்கலன்று தட்டணு குறைந்த குழந்தை கரும்பைக் கடித்தால் ஈறில் இரத்தம் கசியும். கோயில் தீர்த்தத்தைப் பருகத் தராமல், கொதிக்கவைத்து ஆறிய நீரைப் பூசையில் வைத்து எடுத்துத் தாருங்கள். ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் அகலோ ஊதுவத்தியோ எக்காரணத்தாலும் கூடாது.

எங்களிடம் எல்லாச் சமயத்தவரும் வருகின்றனர். ஒளுச் செய்யும்போது ஒரு சொட்டும் வீணாகாமல் மகனுக்குக் குவளையில் நீர் வார்த்துப் பழக்கும் தந்தையையும், அறுப்பின் பண்டிகைக்கு வீட்டு முருங்கையின் முதற்காயை எடுத்துவைக்கும் பாட்டியையும் கண்டிருக்கிறோம். அவரவர் வீட்டில் உள்ளதே போதும். புதிதாக எதையும் தேடிச் செல்ல வேண்டியதில்லை.

இவ்வாண்டு சடங்கெதுவும் செய்ய எண்ணுவோர் அன்றைய இரத்தப் பரிசோதனை முடிவைச் செவிலியரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். அந்தச் சிறுமி இப்போது பராமரிப்புச் சிகிச்சையில் இருக்கிறாள். அம்மாச்சி மறுபடி விதை ஊறப்போடப் போகிறாராம். ஒரு சட்டியை மட்டும் முதல் நாளிலிருந்தே திண்ணையில் வைக்குமாறு பேத்தி சொல்லியனுப்பியிருக்கிறாள்.