முகப்பு விளக்குகளும் அதிக வாட் பல்புகளும்

பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களில் அறுவடைக் காலத்து வேலை பொழுது சாய்ந்ததும் முடிந்துவிடுவதில்லை. எறையூர்ச் சர்க்கரை ஆலைக்குச் செல்லும் கரும்பும், கரிசற் காடுகளில் விளையும் மக்காச்சோளமும் பருத்தியும் இரவிலும் டிராக்டர்களில் ஏற்றிச் செல்லப்படுகின்றன. அரியலூர்ப் பக்கத்தில் சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டும் ஏற்றிய லாரிகள் எதிர்ப்படுகின்றன. இத்தகைய பாதைகளில் முகப்பு விளக்கு மங்கலாயிருப்பது அபாயமே. ஆகவே, 60 வாட் பல்பைக் கழற்றிவிட்டு 100 வாட் பல்பை மாட்டிவிடலாம் எனக் குடியானவர் எண்ணுவது இயல்பு. ஆனால் ஆராயாமல் அவ்வாறு செய்வதால் விளையும் நன்மை சிறிது, தீங்கு பெரிது. பல்பை மாற்றுமுன் கம்பியைச் சோதித்தல் வேண்டும்.

பல்பின் அளவுகள்

இக்காலத்து டிராக்டர்களிலும் கார்களிலும் பெரும்பாலும் காணப்படுவது எச்4 என்னும் ஹாலஜன் பல்பு. இதனுள் இரண்டு இழைகள் உண்டு. தூரத்தைக் காட்டும் பிரைட் வெளிச்சத்திற்கு 60 வாட்டும், தாழ்ந்த டிம் வெளிச்சத்திற்கு 55 வாட்டும் செலவாகும். கடைகளில் 100/90 வாட் பல்புகளும் கிடைக்கின்றன. அவற்றின் அடிப்பாகம் ஒன்றேயாதலால், பழைய இடத்தில் எளிதாகப் பொருந்திவிடும். பொருந்துவதைக் கொண்டு அது ஏற்றதெனக் கருதலாகாது.

வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். 12 வோல்ட் வண்டியில் 60 வாட் பல்பு 5 ஆம்பியர் இழுக்கும்; இரண்டு பல்புகளுக்கு 10 ஆம்பியர். 100 வாட் பல்புகள் இரண்டு மாட்டினால் ஏறக்குறைய 17 ஆம்பியர் வேண்டும். வண்டியின் கம்பியும், ஸ்விட்சும், ஹோல்டரும் முந்திய அளவுக்கே செய்யப்பட்டவை.

விளக்கு மங்குவதன் காரணம்

புள்ளம்பாடி வாய்க்காலின் கடைமடையில் நிலமுடைய குடியானவர் இதனை எளிதில் உணர்வர். தலைமடையில் நீர் நிறைய இருந்தும், வாய்க்கால் குறுகித் தூர்ந்திருந்தால் கடைமடை வயல் காய்கிறது. அவ்விதமே பாட்டரியில் வோல்ட் நிறைந்திருந்தும், மெல்லிய கம்பி, கறுத்த ஸ்விட்சு, துருவேறிய எர்த் முதலியவற்றைக் கடந்து பல்பைச் சேரும்போது குறைந்துவிடுகிறது. பல்பின் பிரகாசமோ வோல்ட் குறைவதைக் காட்டிலும் மிக வேகமாகக் குறையும். வோல்ட் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், வெளிச்சம் பத்தில் மூன்று பங்கு போய்விடும்.

ஓர் உதாரணம் காண்போம். எஞ்சின் ஓடும்போது பாட்டரியில் 13.8 வோல்ட்டும், பல்பின் ஹோல்டரில் 11.9 வோல்ட்டும் இருப்பதாகக் கொள்வோம். வழியில் இழந்தது 1.9 வோல்ட். பத்து ஆம்பியர் ஓடுங்கால், சுமார் 19 வாட் வீணாகிக் கம்பியிலும் இணைப்புகளிலும் உஷ்ணமாகிறது. இதே கம்பியில் 100 வாட் பல்புகளை மாட்டினால் இழப்பு ஏறக்குறைய 3 வோல்ட்டாகும். வீணாகும் உஷ்ணம் 45 வாட்டைத் தாண்டும். புதிய பல்பும் தன் முழுப் பிரகாசத்தைத் தராது. கம்பியின் மேலுறை இளகி, ஹோல்டர் கருகி, இறுதியில் தீப்பற்றவும் கூடும். பின்னால் பருத்தியோ, காய்ந்த கரும்புச் சோகையோ, மக்காச்சோளத் தட்டையோ இருக்குமாயின் நேரும் நஷ்டத்தைச் சொல்ல வேண்டுவதில்லை.

சோதிக்கும் முறை

முதலில் விளக்கின் கண்ணாடியைத் துடைத்துக் காண்க. கரிசற் புழுதியும் சுண்ணாம்புத் தூளும் படிந்த கண்ணாடி, நல்ல பல்பையும் மங்கச் செய்யும். உள்ளேயுள்ள பிரதிபலிக்கும் கிண்ணம் மங்கியோ துருவேறியோ இருந்தால் விளக்கையே மாற்றுதல் வேண்டும். எந்தப் பல்பும் அக்குறையைத் தீர்க்காது.

பின்பு எஞ்சினை ஓடவிட்டு, பிரைட் விளக்கை எரியவிட்டு, மல்டிமீட்டரால் பாட்டரி முனைகளிலும் ஹோல்டர் முனைகளிலும் வோல்ட்டை அளந்து பார்த்தல் வேண்டும். வித்தியாசம் அரை வோல்ட்டுக்கு மேற்பட்டால், குறை கம்பியிலோ இணைப்பிலோ உள்ளது. அதனை நீக்கினால் பழைய 60/55 வாட் பல்பே போதுமான வெளிச்சம் தரும். பலருக்கு இவ்வளவே தேவைப்படும்.

ரிலே அமைத்தல்

விளக்கின் மின்சாரம் முழுவதும் ஸ்விட்சின் வழியே செல்லாமல், பாட்டரியிலிருந்து நேரே பல்புக்குச் செல்லும்படி செய்யும் சிறு கருவியே ரிலே. ஸ்விட்சு அதற்குக் கட்டளை மாத்திரம் இடும். தேர்ந்த ஆட்டோ எலக்ட்ரீஷியனைக் கொண்டு இதனை அமைத்துக்கொள்க. கவனிக்க வேண்டியவை பின்வருமாறு:

1. வேலை தொடங்குமுன் பாட்டரியின் எர்த் முனையைக் கழற்றிவிடுக.

2. பிரைட்டுக்கு ஒன்றும் டிம்முக்கு ஒன்றுமாக, 12 வோல்ட் 30 ஆம்பியர் ரிலே இரண்டு வேண்டும்.

3. பாட்டரியிலிருந்து வரும் கம்பி ரிலேயின் 30 என்னும் முனையிலும், பல்புக்குச் செல்வது 87இலும், பழைய ஸ்விட்சுக் கம்பி 86இலும், எர்த் 85இலும் சேர்தல் வேண்டும்.

4. 60/55 வாட் பல்புகளுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர்ச் செம்புக் கம்பி போதும். எர்த் கம்பியும் அதே கனமுடையதாக இருத்தல் அவசியம்.

5. பாட்டரிக்கு மிக அருகிலேயே 15 ஆம்பியர் பியூஸ் அமைத்தல் வேண்டும். ஏரிக்கரைக்குக் கலிங்கு எவ்வாறு காவலோ, கம்பிக்குப் பியூஸ் அவ்வாறு காவல். பியூஸ் அடிக்கடி போகிறதென்று அதனிடத்தில் வெறுங்கம்பியைச் சுற்றுவது கலிங்கை அடைப்பதற்கு ஒப்பாகும்.

6. ஹாலஜன் பல்பின் கண்ணாடியை வெறுங்கையால் தொடலாகாது. விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடம் அளவுக்கு மிஞ்சிச் சூடேறிப் பல்பு விரைவில் கெடும்.

பெரிய பல்பு எங்கே தகும்?

பொதுச் சாலையில் ஓடும் வண்டிக்கு 60/55 வாட் பல்பே உரியது. உற்பத்தியாளர் முதலில் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு தடுக்கிறது. வயலுக்குள் இரவில் உழுவதற்கு மிகுந்த வெளிச்சம் வேண்டுவோர், முகப்பு விளக்கைத் தொடாமல், தனி ஸ்விட்சுடன் வேறொரு வேலை விளக்கை அமைத்துச் சாலையேறுமுன் அதனை அணைத்துவிடுவதே முறை.

அவ்விளக்குகளுக்கு 100 வாட் பல்புகள் இரண்டு மாட்டுவதாயின் 4 சதுர மில்லிமீட்டர்க் கம்பியும், 25 ஆம்பியர் பியூஸும், உஷ்ணம் தாங்கும் பீங்கான் ஹோல்டரும் வேண்டும். பிளாஸ்டிக் கிண்ணமுள்ள விளக்கில் இதனை மாட்டினால் கிண்ணம் இளகிவிடும். ஆல்டர்னேட்டரின் மேல் குறித்துள்ள ஆம்பியர் அளவையும் பார்த்துக்கொள்க. வரவுக்கு மிஞ்சிய செலவு பாட்டரியைத் தீர்த்துவிடும். ஹாலஜனுக்கென்று செய்த கிண்ணத்தில் எல்.இ.டி. பல்பை மாட்டுவதும் தகாது. ஒளி புறப்படும் இடம் மாறுவதால், வெளிச்சம் சிதறி எதிர்வருவோர் கண்ணைத் தாக்கும்.

எதிரே வருபவரின் கண்

தன் வண்டிக்கு வெளிச்சம் கூடினால் எதிர்வருபவருக்குக் கண் கூசும் என்பதை மறத்தலாகாது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் மோட்டார் சைக்கிள் மூன்று விநாடியில் 40 மீட்டருக்கு மேல் கடந்துவிடும். அம்மூன்று விநாடியும் அவர் குருடராகவே ஓட்டுகிறார். எதிரேயுள்ள டிரெய்லரின் அகலமும், ஓரத்தில் நடந்து செல்பவரும் அவருக்குத் தெரிவதில்லை. விளக்கிலிருந்து 8 மீட்டர் தூரத்தில், வண்டியின் வலது ஓரத்திற்கு அரை மீட்டர் வெளியே, தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் உள்ள கண்ணைக் கூசச் செய்யாதவாறு ஒளி தாழ்ந்திருத்தல் வேண்டுமென 1989ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106ஆவது விதி கூறுகிறது.

இதற்குச் சமதரையில் ஒரு சுவருக்கு 8 மீட்டர் எதிரே வண்டியை நிறுத்தி, விளக்கின் நடு உயரத்தைச் சுவரில் கோடிட்டுக்கொள்க. டிம் வெளிச்சத்தின் மேல் விளிம்பு அக்கோட்டுக்கு 8 முதல் 10 சென்டிமீட்டர் கீழே விழும்படி விளக்கின் திருகைத் திருப்புக. பாரமேற்றிய டிரெய்லரைப் பூட்டினால் டிராக்டரின் மூக்கு உயர்ந்து ஒளியும் மேலேறும். ஆகவே பாரத்துடனேயே இதனைச் செய்தல் வேண்டும்.

கிராம அதிகாரிகள் கவனத்திற்கு

அரவைப் பருவம் தொடங்குமுன், ஊராட்சி மன்றத் தலைவரும் கிராம நிர்வாக அலுவலரும் ஒரு நாள் மாலையைக் குறித்து, பொதுச் சுவரொன்றில் கோடு வரைந்து, ஒரு எலக்ட்ரீஷியனையும் மல்டிமீட்டருடன் வரவழைத்தால், ஊர் டிராக்டர்கள் அனைத்தையும் சோதித்துவிடலாம். டிரெய்லரின் பின்புறச் சிவப்பு விளக்கும், ஒளியைத் திருப்பிக்காட்டும் சிவப்புப் பட்டையும் இருக்கின்றனவா என்பதையும் அன்றே பார்த்தல் நலம்.

கண்ணாடியைத் துடைத்தல், வோல்ட்டை அளத்தல், கம்பியைத் திருத்தல், ஒளியைத் தாழ்த்தல் ஆகிய நான்கையும் வரிசையாகச் செய்து முடித்த பின்னரே பல்பைப் பற்றி யோசிக்க வேண்டும். வாய்க்காலைத் தூர்வாராமல் மதகை மட்டும் அகலப்படுத்துகிறவனுக்குக் கடைமடையில் நீர் வருவதில்லை.