பங்குனியில் மலைப்பாதை மூடியிருந்தால்: குழு நடைக்கு மாற்றுத் திட்டம்

மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. திருவள்ளூர் மாவட்டத்துக் குடியம் கற்காலக் குகைகளுக்குப் போய்வரலாம் என்று சென்னையை ஒட்டிய நூம்பலிலிருந்து ஒரு குழு கிளம்பத் தயாராகும். வேன் பேசி, முன்பணம் கொடுத்து, காலை இட்லிக்கும் சொல்லி முடித்த பிறகுதான் யாரோ ஒருவர் முன்பதிவுப் பக்கத்தைத் திறந்து பார்ப்பார். பாதை மூடியிருக்கும்.

இமயமலைப் பக்கம் வசந்தத்தில் பாதையை மறிப்பது கரையாத பனி. தமிழ்நாட்டில் அந்த வேலையைக் காய்ந்த புல் செய்கிறது. குடியமும் அடங்க, 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்ற அரசுத் திட்டத்தில், காட்டுத்தீக் காலம் என்பதால் 2025 பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை மலையேற்றம் நிறுத்தப்பட்டது. ஆகவே முதல் படி ஒரு வரிதான்: வேனுக்கு முன் அனுமதி.

இரண்டாவது படி மாற்று இடம் தேடுவது; அதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். “மெயின் பாதைதானே மூடியிருக்கு? ஊருக்குள்ள பூந்து பின்பக்கமா ஏறிடலாம்ணா” என்று ஒரு குரல் கட்டாயம் எழும். அதே காட்டுக்குள் வேறு பாதையில் நுழைவதற்கு மாற்றுத் திட்டம் என்று பெயர் கிடையாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சென்னையிலிருந்து போன குழுவும் அதில் இருந்தது. டாப் ஸ்டேஷன் பாதைக்குத்தான் அனுமதி வாங்கியிருந்தார்கள், போனது கொழுக்குமலைக்கு என்று அப்போது அரசுத் தரப்பில் சொல்லப்பட்டது. சரிவில் தீ மேல்நோக்கித்தான் வேகமாகப் பரவும். ஏறித் தப்பிக்க நினைப்பவரை அது முந்திவிடும். எந்த வழியில் யார் இருக்கிறார்கள் என்று வனத்துறைக்குத் தெரியாவிட்டால் தேடுவதற்கே நேரம் போய்விடும்.

அடுத்த யோசனை நாகலாபுரம். ஆந்திர எல்லையைத் தாண்டினாலும் அங்கேயும் அதே காய்ந்த காடுதான். வாடகை வேனுக்குத் தனி பர்மிட் வேறு எடுக்க வேண்டும். விட்டுவிடலாம்.

பனிக்காரர்களின் சூத்திரத்தைக் கடன் வாங்குவதும் உதவாது. பனி கிடந்தால் அவர்கள் உயரத்தைக் குறைத்துக்கொள்வார்கள், அல்லது வெயில் படும் தெற்குச் சரிவுக்கு மாறிவிடுவார்கள். இங்கே உயரத்தைக் குறைத்தால் வெக்கை கூடும். அதனால் இடத்தை மட்டும் மாற்றினால் போதாது, நேரத்தையும் மாற்ற வேண்டும். காட்டுக்குள் போகாத, ஆள் நடமாட்டம் உள்ள, படிக்கட்டு மலையாகப் பார்த்து, ஒன்பது மணிக்குள் இறங்கிவிடுகிற மாதிரி திட்டமிடுவதே சரி. செஞ்சிக் கோட்டை அழகுதான். ஆனால் நூம்பலிலிருந்து போய்ச் சேர்வதற்குள் ராஜகிரிப் பாறை தோசைக்கல்லாகிவிடும். அது மார்கழிக்கு இருக்கட்டும்.

சோளிங்கர்தான் முதல் தேர்வு. யோக நரசிம்மர் மலைக்கு ஆயிரத்து முந்நூறு படிகளுக்கு மேல். குகைக்குப் போக முடியாத ஏக்கத்தைத் தொடைகள் மறந்துவிடும். முழங்கால் வலிக்காரர்களுக்கு 2024-இல் வந்த ரோப்கார் உண்டு. குழுவை இரண்டாகப் பிரித்து உச்சியில் சேர்த்துக்கொள்ளலாம். அது காலையில் எப்போது ஓடத் தொடங்கும் என்று முந்தின நாளே விசாரிக்க வேண்டும். பூந்தமல்லியில் பெங்களூரு நெடுஞ்சாலையைப் பிடித்து வாலாஜா பக்கம் வடக்கே திரும்பினால் வழி சுலபம். கையில் பை தொங்கக்கூடாது. அங்குள்ள குரங்குகள் கேட்டு வாங்குகிற ரகமல்ல.

வேன் கிடைக்காதவர்களுக்குத் திருத்தணி. அம்பத்தூரிலோ ஆவடியிலோ புறநகர் ரயில் ஏறினால் போதும். 365 படிகள் கொஞ்சம் குறைச்சல்தான். ஸ்டேஷனிலிருந்தே நடந்தால் சரியாகிவிடும். கிருத்திகை அன்று மட்டும் வேண்டாம், கூட்டத்தில் நடை நடையாகவே இருக்காது.

குகைக்காகவே வருகிறவர்கள் முகம் சுளிப்பார்கள். அவர்களுக்கு இன்னொரு நாள் பூண்டி. அங்குள்ள தொல்பழங்காலக் காட்சியகத்தில் கற்கருவிகளைப் பார்க்கலாம். பக்கத்து அதிரம்பாக்கத்தில் கிடைத்த கருவிகளில் பழையவை சுமார் 15 லட்சம் ஆண்டு முந்தியவை என்று ஆய்வுகள் கணித்திருக்கின்றன. விடுமுறை நாளைக் கேட்டுக்கொண்டு கிளம்ப வேண்டும்.

இடத்தை வாட்ஸ்அப்பில் வாக்கெடுப்புக்கு விடவே கூடாது. விட்டால் ஏலகிரியில் தொடங்கி மாயாஜாலில் வந்து நிற்கும். ஒருவர் முடிவெடுத்து, வியாழன் இரவுக்குள் ஒரே செய்தியாக அனுப்பிவிட வேண்டும்: புது இடம், புறப்படும் நேரம், ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி. வேன்காரரிடம் கிலோமீட்டர் கணக்கை மறுபடி பேசுவதும் அன்றே. நேரம் மட்டும் கறார்: வேலப்பஞ்சாவடியில் நாலு மணிக்கு வண்டி நகரும், வராதவருக்காக நிற்காது.

சோளிங்கரிலிருந்து திரும்பும் வழியில் சாப்பாடு காஞ்சிபுரத்தில். இரண்டு மணிக்கெல்லாம் அங்கிருந்து கிளம்பிவிட வேண்டும். ஞாயிறு மாலை ஸ்ரீபெரும்புதூருக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே வண்டிகள் நகரும் அழகைப் பார்த்தவர்கள் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.