ஓட்டைப் புரட்டிப் பார்



தம்பி, பெருநகர் கிராமத்து வீட்டைப் பற்றிய உன் கட்டுரையை நேற்றிரவே படித்துவிட்டேன். அந்த முற்றத்துப் படம் ஒன்றே போதும். இரண்டு கூரை சேரும் கூடுவாயில் மழைத்தண்ணீர் இறங்கி, மூலைத் தகரத்தில் வழிந்து அண்டாவில் விழுகிறதே, சத்தமே கேட்டது எனக்கு. நாற்பது வருடத்தில் நான் அப்படி ஒன்று வரைந்ததில்லை.

ஆனால் முதல் வரியிலேயே கோபம் வந்துவிட்டது. இருநூறு வருடத்து வீடு என்கிறாய். யார் சொன்னது? வீட்டுக்காரர் சொன்னாராம். அடுத்த பத்தியில் உத்திரமேரூர்க் கல்வெட்டுக்குத் தாவி, சோழர் கால மரபு என்கிறாய். 919, 921-இல் பராந்தகன் காலத்தில் வெட்டிய கல்வெட்டுகள் அவை. குடவோலையில் பெயர் எழுத, சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும் என்கின்றன. அந்த வீட்டின் கூரை ஓடா, ஓலையா என்று அவற்றில் ஒரு சொல் கிடையாது. நீயாகச் சேர்க்காதே.

உன் படத்தில் இருப்பது மங்களூர் ஓடு. பாசல் மிஷன்காரர்கள் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியதே 1865-இல்தான். வீடு அதற்கும் முந்தியதாக இருக்கலாம், கூரை பிறகு மாறியிருக்கலாம். பனஞ்சட்டங்கள் நெருக்கமாக இருக்கின்றனவா? மூங்கில் பிளாச்சு கட்டிய கயிற்றுத் தடம் அவற்றில் தெரிகிறதா? தெரிந்தால், குயவர் சக்கரத்தில் குழாயாக வனைந்து இரண்டாகக் கீறிய நாட்டு ஓடு முன்பு அங்கே இருந்திருக்கும். இதை நீ பார்க்கவே இல்லை.

உன் வயதில் ஒரு வீட்டுக் கூரையில் ஏறி, ஓட்டின் அடியில் 1865 என்ற அச்சைப் பார்த்தேன். அதையே வீட்டின் வயது என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். கூட இருந்த ஓடு மாற்றும் பெரியவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பேசாமல் அடுத்த தெருவுக்குக் கூட்டிப்போய், அங்கே ஒரு வீட்டு ஓட்டை உருவிப் புரட்டி, அதே அச்சை விரலால் தடவிக் காட்டினார். “இந்த வீட்டுக்கு மண்ணு சுமந்தவனே நான்தான் சாமி” என்றார். அது கம்பெனி தொடங்கிய வருடம் என்று பிறகுதான் தெரிந்தது. அந்த நோட்டுப் பக்கத்தை இன்னும் வைத்திருக்கிறேன்.

ஐப்பசி மழைக்கு முன்னால் அந்த வீட்டில் ஓடு மாற்ற ஆட்கள் வருவார்கள். அன்றைக்கு டார்ச்சோடு போ. சட்டத்தில் என்ன தடம், ஓட்டில் என்ன எழுத்து என்று அப்படியே பார்த்து எனக்கு எழுது.